டீ குடிக்கப் போனால் நின்றுவிடும் கம்ப்யூட்டர்

பல்லடத்தில் அண்ணனுக்குத் தறிக்குடோன். கூலிக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் போடுவதற்கென்று போன மாதம் புதுசாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினார். கணக்குப் பார்ப்பது அவர் மகள். "வேலை செஞ்சுட்டு இருந்தா ஒண்ணும் ஆகறதில்லைங்க சித்தப்பா. டீ குடிச்சுட்டு வந்தா நின்னு கெடக்குது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். திரையில் பில் அப்படியே இருந்தது, மவுஸ் அம்பு நகரவில்லை. மூலையில் மணி 11:42. சுவர்க் கடிகாரத்தில் 12:10. கேப்ஸ் லாக்கை அமுக்கினால் அதன் விளக்கு எரியவில்லை. திரை மட்டும் இருண்டு, இந்த விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது, கோளாறு டிஸ்பிளே பக்கம் என்று தேடலாம். விளக்கும் அசையவில்லை என்றால் மொத்தமாக உறைந்துவிட்டது. உறைந்த நேரத்தைத்தான் அந்த 11:42 சொல்கிறது.

அண்ணனுக்குச் சந்தேகம் கரண்ட் மேல். தறி ஓடும் ஊரில் அது நியாயம்தான். ஆனால் யுபிஎஸ் இருக்கிறது. தவிர, வோல்டேஜ் கோளாறு நாம் டீக்குப் போகும் நேரம் பார்த்து வராது. சூடும் காரணமில்லை, வேலை செய்யும்போதுதான் பிராசஸர் சூடாகும்.

கார்புரேட்டர் வைத்த பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். அவிநாசி ரோட்டில் அறுபதில் பறக்கும், காந்திபுரம் சிக்னலில் நின்றதும் அணைந்துவிடும். மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்க மாட்டார், ஐட்லிங் ஸ்க்ரூவைத்தான் திருகுவார்.

பிராசஸருக்கும் ஐட்லிங் உண்டு. ஒரு நொடிக்கு 300 கோடிக்கு மேல் துடிக்கும் சில்லு, நாம் அடுத்த எழுத்தைத் தட்டும்வரை என்ன செய்யும்? தூங்கும். அந்தத் தூக்கத்தில் படிகள் உண்டு, சி-ஸ்டேட் என்பார்கள். சி0 முழு விழிப்பு. சி1-இல் கட்டளை எதையும் செய்யாமல் காத்திருக்கும். சி6-க்கு இறங்கும்போது கையிலுள்ள கணக்கையெல்லாம் ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த கோருக்கு, அதாவது பிராசஸருக்குள் கணக்குப் போடும் அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தையே ஏறக்குறைய நிறுத்திவிடும். மவுஸ் அசைந்தால் மைக்ரோ விநாடிகளில் எழுந்தாக வேண்டும். இப்படி ஒரு நொடிக்குள் பல நூறு முறை தூங்கி எழும்.

சிக்கல் அந்த ஏற்ற இறக்கத்தில்தான். பிராசஸருக்கு உணவு போடும் 12 வோல்ட் வரிசையில் மின்சார இழுப்பு திடீரென்று அற்பமாகிவிடும். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். பழைய வகை எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்குக் குறைந்தபட்சச் சுமை வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜைப் பிடித்து நிறுத்தத் தெரியாது. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸர்கள் வந்தபோது இது பெரிய பேச்சானது. அதுவரை 0.5 ஆம்பியர் சுமையைக் கணக்கில் வைத்துச் செய்த எஸ்எம்பிஎஸ்கள் 0.05 ஆம்பியரையும் தாங்க வேண்டியதாயிற்று. 2017-இல் வெளிவந்த ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசஸர்களிலும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் சும்மா இருக்கும்போது உறைகிறது என்று புகார் சொன்னார்கள். பிறகு ஏஎம்டி போர்டுகளின் பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்றொரு அமைப்பு சேர்ந்தது. இழுப்பு ரொம்பவும் குறையாமல் பார்த்துக்கொள்ள அது உதவும். எஸ்எம்பிஎஸ் மட்டுமே குற்றவாளி என்றும் இல்லை. ஃபைல்களை வைக்கும் எஸ்எஸ்டியும், கார்டுகளை போர்டோடு இணைக்கும் பிசிஐ இணைப்பும்கூடத் தூங்கி எழுபவைதாம். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டு ராமை வேகமாக ஓட்டினாலும் உறைவதுண்டு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று இருக்கும். பயந்து நெட்டில் தேட வேண்டாம். முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதைவிட நல்ல சோதனை ஒன்று செய்தோம். பின்னணியில் பாட்டை ஓடவிட்டு, கம்ப்யூட்டரைத் தொடாமல் விட்டோம். பாட்டு ஓடினால் பிராசஸர் நெடுநேரம் ஆழ்ந்து தூங்க முடியாது. சாயந்திரம்வரை ஓடியது. பாட்டை நிறுத்தி முக்கால் மணி நேரத்தில் உறைந்தது.

ரைசன் போர்டு என்பதால் பயாஸுக்குள் போய் அந்த அமைப்பை 'டிபிகல் கரண்ட் ஐடில்' என்று மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போகும். இது உதவாவிட்டால் பயாஸ் அப்டேட், எக்ஸ்எம்பியை நிறுத்துவது, அப்புறம் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பது என்று போயிருப்பேன். நான் செய்த மாற்றத்தால் சும்மா இருக்கும்போது சில வாட் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

பத்து நாளாக நிற்கவில்லை. ஆனாலும் அவள் எழுந்து போகும்போதெல்லாம் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் போகிறாள். இனி தேவையில்லை என்றேன். "இருக்கட்டுங்க சித்தப்பா."