கூலன்ட்: குளிர்வியா, உறைதடுப்பியா?

பட்டறையில் 'கூலன்ட்' என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. டப்பாவில் வரும் அடர்திரவமும் கூலன்ட், அதில் தண்ணீர் கலந்து எஞ்சினில் ஊற்றுவதும் கூலன்ட். நீரால் குளிரும் விமான எஞ்சினில் இந்தக் குழப்பம் ஆபத்தானது.

'கூல்' என்பதோடு, செய்வதைக் குறிக்கும் லத்தீன் விகுதி 'அன்ட்' சேர்ந்தது இச்சொல், லூப்ரிகன்ட் போல. தமிழில் இதைக் குளிர்விப்பான் என்கிறார்கள். அது கருவிகளுக்கும் வழங்குவதால், எஞ்சினுக்குள் ஓடும் கலவையைக் 'குளிர்வி' என்றும், டப்பாத் திரவத்தை 'உறைதடுப்பி' என்றும் பிரித்துச் சொல்வதே சரி.

உறைதடுப்பியின் மூலப்பொருள் எத்திலீன் கிளைகோல். 'கிளைகோல்' என்பது இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் வேர்கொண்டது. சுவை இனிப்பு, ஆனால் கொடிய நஞ்சு. தரையில் சிந்தினால் நாய் நக்குமுன் கழுவிவிட வேண்டும்.

தூய கிளைகோல் −13 பாகை செல்சியஸிலேயே உறையும். சரிபாதி தண்ணீர் சேர்த்தால்தான் −37 வரை தாங்கும். ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கும் டப்பாவை உறைதடுப்பி என்று நினைத்து மறுபடி சமஅளவு தண்ணீர் விட்டால், கிளைகோல் கால்பங்காகி, தாங்குதிறன் ஏறத்தாழ −12க்கு இறங்கிவிடும். ஆக, தண்ணீரே சேர்க்காதவரும் இருமுறை சேர்த்தவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்! லேபிளைப் படித்தபின் மூடியைத் திறங்கள்.

தண்ணீர் ஏன் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீர் ஒரு பாகை சூடேற 4.18 கிலோஜூல் வெப்பத்தை வாங்கும், கிளைகோல் 2.4 அளவுதான். இரண்டாம் உலகப்போர்க்காலப் போர்விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின் முதலில் தூய கிளைகோலில்தான் ஓடியது. 1940 வாக்கில் வந்த மெர்லின் 12 முதல், அழுத்தத்தில் அடைத்த 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைகோல் கலவைக்கு மாறினார்கள். அழுத்தம் முக்கியம்: 10,000 அடி உயரத்தில் திறந்த தண்ணீர் 90 பாகையிலேயே கொதிக்கும். அந்த அழுத்தத்தைக் காக்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரில் வெடிப்பு விட்டிருந்தால், எவ்வளவு நல்ல கலவையும் கொதித்து வெளியேறும்.

இன்று சிறு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 போன்ற எஞ்சினுக்குப் பாதிக்குப் பாதிதான் வழக்கம். 3 லிட்டர் வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டர் உறைதடுப்பி, ஒன்றரை லிட்டர் காய்ச்சி வடித்த நீர். வாளியில் கலந்தபின் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்: அதிலுள்ள சுண்ணாம்பு சிலிண்டர் தலையில் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றும் 'நீரில்லாக் குளிர்வி' உள்ள எஞ்சினில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது; அதன் உயர்ந்த கொதிநிலை இறங்கிவிடும்.