தொரீ

ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் கோயில் முன்னே இரண்டு கால், அவற்றின் தலையில் உத்திரம், சற்றுக் கீழே கால்களை ஊடுருவிப் போகும் ஒரு சட்டம். கதவும் கிடையாது, சுவரும் கிடையாது. இதற்கு ஜப்பானிய மொழியில் தொரீ என்று பெயர். நம்மவர்கள் 'டோரி' என்றும் 'தோரி' என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் பிழை. முதலெழுத்து குறில், ஈற்றெழுத்து நெடில். பெரிய தொரீயை 'ஓதொரீ' என்பார்கள். அதில் 'ஓ' நெடில், 'தொ' குறில். இந்த வேறுபாட்டை அப்படியே காட்டத் தமிழ் எழுத்தால் முடியும்போது ஏன் விட வேண்டும்?

எழுதும் முறையைப் பார்த்தால் 'பறவை', 'இருத்தல்' என இரண்டு எழுத்துகள். சூரியத் தேவி அமதெராசு குகைக்குள் ஒளிந்துகொண்டபோது, அவளை வெளியே அழைக்கச் சேவல்களைக் கூவவிட்டார்களாம். அவை அமர்ந்த கழியே தொரீ ஆயிற்று என்பது மரபு. 'கடந்து நுழைதல்' என்ற பொருளுள்ள தொடரிலிருந்து வந்தது என்பாரும், பௌத்தத்தோடு போன நம் 'தோரணம்' என்பாரும் உண்டு. தோரணக் கருத்து நமக்கு இனிக்கிறது. ஆனால் ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

தமிழில் 'கோபுரம்' என்று பெயர்க்கக் கூடாது. அது அடுக்கு மாடம். 'வளைவு' என்பதும் பொருந்தாது, தொரீயில் வில்வளைவு இல்லை. 'தோரணவாயில்' என்பதே சரி. வெறும் 'தோரணம்' என்றால் மாவிலைதான் நினைவுக்கு வரும். உறுப்புகளுக்குத் தச்சர் சொல்லே போதும்: ஹஷிரா கால், கசகி மேலுத்திரம், குசபி ஆப்பு. நுகி என்பதை 'ஊடுசட்டம்' எனலாம். அந்த ஜப்பானியச் சொல்லுக்கே துளைத்துச் செல்வது என்றுதான் பொருள்.

ஹிரோஷிமா அருகே இத்சுகுஷிமா தீவுக் கோயிலின் முன் கடலுக்குள் நிற்பது தோரணவாயிலுக்குப் புகழ்பெற்ற சான்று. கோயில் 593இல் எழுந்தது என்பது மரபு. படைத்தலைவர் தைரா நோ கியோமோரி 1168 வாக்கில் அதை விரித்துக் கட்டினார். மூன்று பெண் தெய்வங்களின் இருப்பிடம் அது. கோயில் கட்ட இடம் தேடி அத்தெய்வங்கள் தீவைச் சுற்றியபோது காகம் வழிகாட்டியதாம். தீவே தெய்வம் என்பதால் மண்ணை வெட்டாமல், கடல்நீர் ஏறி இறங்கும் ஓதக்கரையில் கட்டினார்கள்.

இப்போதுள்ள தோரணவாயில் 1875இல் நட்டது. உயரம் ஏறத்தாழ 16.6 மீட்டர், எடை ஏறத்தாழ 60 டன். பெருங்கால்கள் கற்பூர மரம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு துணைக்கால்கள். கடலடியில் புதைக்கவில்லை, தன் எடையாலேயே நிற்கிறது. மேலுத்திரம் பெட்டி போல உள்ளீடற்றது. அதற்குள் சிறு கற்களை நிரப்பிக் கனம் ஏற்றியிருக்கிறார்கள். அலை அடித்தாலும் கால் தூக்காததற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம்.

கெடுவது அடிப்பகுதிதான். நீரும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில் மரம் உளுக்கும், கப்பற்புழு துளைக்கும். அப்போது கெட்ட பகுதியை அறுத்துவிட்டுப் புதுக்கட்டை பொருத்துவார்கள். நீர் வற்றும்போது நடந்து போகிறவர்கள் வேண்டுதலாக வெடிப்பில் காசு செருகுவதும் மரத்தைப் பிளக்கிறது. ஆப்பு அடிப்பதும் காசு செருகுவதும் மரத்துக்கு ஒன்றுதான்.