புதிய பேஸ் கிட்டார் வாங்கும்முன் தோளையும் மணிக்கட்டையும் கேளுங்கள்

தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மின்சார பேஸ் கிட்டார்களுக்குச் செட்டப் செய்வதும், அதாவது வாசிக்க ஏற்றபடி சீரமைப்பதும், பழுது நீக்குவதும் என் தொழில். சென்னையில் என்னிடம் வரும் வாசிப்பாளர்களிடம், அடுத்து வாங்கும் பேஸில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், புதிய நிறத்தையோ கூடுதல் குமிழ்களையோ முதலில் சொல்பவர்கள் குறைவு. கச்சேரி முழுவதும் நின்று வாசித்தாலும் தோள் வலிக்கக் கூடாது, இடது கை மரத்துப்போகக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். விளம்பரங்களில் இந்தப் பேச்சு அரிதாகவே இடம்பெறுகிறது என்பதால், வாங்குபவர்களாவது இதை அறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் ஸ்கேல் நீளம், அதாவது நட்டுக்கும் (தலைப்பக்கத்தில் தந்தி பதியும் பள்ளமிட்ட துண்டு) பிரிட்ஜுக்கும் (உடற்பகுதியில் தந்தியைத் தாங்கும் பாகம்) இடையே தந்தி அதிரும் நீளம், 34 அங்குலம். இன்று கடைகளில் காணும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த அளவையே பின்பற்றுகின்றன. இத்தகைய பேஸ் பொதுவாக 4 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. அதை மணிக்கணக்கில் ஒரே தோள் சுமக்கிறது. ஆனால் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே அமர்ந்திருக்கிறது என்பதுதான் உடலை அதிகம் பாதிக்கிறது. நீண்ட நெக்கின் (கழுத்துப் பகுதியின்) கோடியில், தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் கனமான உலோக டியூனர்கள் வரிசையாக இருக்கும்போது, கையை எடுத்தவுடன் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாய்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை, இசைப்பவர் அறியாமலே, இடது கைக்குப் போய்விடுகிறது. தந்தியை அழுத்த வேண்டிய கை நெக்கையும் தூக்கிக்கொண்டிருந்தால் கட்டைவிரல் இறுகும், மணிக்கட்டு மடங்கும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வது தடைபடும். வாசிப்பில் குறை என்று ஆசிரியர்கள் திருத்தும் பல பழக்கங்களுக்கு, உண்மையில் கருவியின் சமநிலைக் குறைவே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எடை குறைந்த பேஸைத் தேடுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடற்பகுதியின் மரத்தை மட்டும் இலேசாக்கிவிட்டு, நெக்கையும் டியூனர்களையும் பழையபடியே விட்டால் சாய்வு இன்னும் அதிகமாகும். தராசில் குறைவாகக் காட்டும் கருவி தோளில் கூடுதலாகத் தொல்லை தரலாம். ஆகவே கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது போதாது. ஸ்ட்ராப்பை மாட்டி, எழுந்து நின்று, இரு கைகளையும் விட்டுப் பாருங்கள். நெக் நீங்கள் வைத்த கோணத்திலேயே நிற்க வேண்டும். எடை குறைந்த டியூனர்களாலும், ஸ்ட்ராப் பொத்தானைப் பன்னிரண்டாம் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை கொண்டுசெல்லும், உடற்பகுதியின் நீண்ட மேற்கொம்பாலும் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்க முடியும். கருவி வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் இன்னும் துணிந்து, தலைப்பகுதியையே நீக்கி, டியூனர்களை உடலின் பின்முனைக்குக் கொண்டுசென்றார். அத்தகைய தலையில்லாப் பேஸ்களுக்கு ஆரம்பத்தில் இருமுனையிலும் குண்டு வைத்த தனித் தந்திகள் தேவைப்பட்டன. சாதாரணத் தந்திகளையே கவ்விப் பிடிக்கும் அமைப்புகள் வந்தபின், தனித் தந்தி தேட வேண்டுமே என்று தயங்க இடமில்லை.

கையின் அளவு அடுத்த விஷயம். 34 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை ஏறத்தாழ 13 செ.மீ.; 30 அங்குலக் குறு ஸ்கேலில் அதே இடைவெளி சுமார் 11.5 செ.மீ. சிறிய கை கொண்டவர்களுக்கு இந்த ஒன்றரை செ.மீ. பெரிய ஆறுதல். பால் மெக்கார்ட்னியின் கையில் உலகம் கண்ட ஹோஃப்னர் வயலின் பேஸும் குறு ஸ்கேல் கருவிதான். ஆனாலும் குறு ஸ்கேல் என்றாலே மாணவர்களுக்கான மலிவுப் பொருள் என்ற எண்ணம் பல ஆண்டுகளாக நீடித்தது. நல்ல பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்), துல்லியமான ஃப்ரெட் வேலை, உறுதியான பிரிட்ஜ் ஆகியவற்றோடு தொழில்முறைத் தரத்தில் குறு ஸ்கேல் பேஸ்கள் பெருக வேண்டும் என்பது வாசிப்பாளர்களின் நியாயமான எதிர்பார்ப்பு, என்னுடையதும்கூட.

ஐந்து தந்திப் பேஸில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. அதன் தாழ்ந்த பி தந்தி சுமார் 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 34 அங்குலத்தில் அது தளர்ந்து, சுருதி தெளிவில்லாமல் ஒலிக்கக்கூடும். நீளத்தைக் கூட்டினால் பி தந்தி தெளிவாகும், ஆனால் மற்ற தந்திகள் விறைக்கும், விரல்களும் எட்டாமல் தவிக்கும். தடித்த தந்திக்கு அதிக நீளமும் மெல்லிய தந்திக்குக் குறைந்த நீளமும் கொடுத்து, ஃப்ரெட்டுகளை விசிறிபோல் விரித்து அமைக்கும் முறைக்கு கிட்டார் தயாரிப்பாளர் ரால்ஃப் நோவாக் 1989-இல் காப்புரிமை பெற்றார். கனடாவின் டிங்வால் நிறுவனம் பி தந்திக்கு 37 அங்குலம் வரை கொடுத்து இதைப் பேஸில் நிலைநாட்டியது. பார்வைக்கு மிரட்டும் இந்த ஃப்ரெட்டுகளுக்குக் கை விரைவில் பழகிவிடுகிறது.

மின்சுற்றைப் பொறுத்தவரை என் கோரிக்கை எளியது. பிரீஆம்ப் (பிக்கப்பின் மின்குறியைக் கருவிக்குள்ளேயே வலுவாக்கும் சுற்று) உள்ள பேஸ்கள் பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகின்றன. கேபிளைச் செருகியதும் சுற்று உயிர்பெறுவதால், இரவு முழுவதும் கேபிளை மாட்டியே வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகிறது. சில மாடல்களில் பேட்டரி தீர்ந்தால் ஒலியே இராது. பிரீஆம்பைத் தவிர்த்து நேரடியாக வாசிக்க ஒரு சுவிட்சும், திருப்புளி இல்லாமல் திறக்கும் பேட்டரிப் பெட்டியும் எல்லாப் புதிய பேஸ்களிலும் இருந்தாக வேண்டும்.

கடலோர ஈரத்திலிருந்து குளிரூட்டிய ஸ்டூடியோவுக்கும் அங்கிருந்து வெயிலுக்கும் மாறிமாறிப் போகும் நெக் வளையத்தான் செய்யும். அதைச் சரிசெய்யும், நெக்கினுள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடின் திருகு, நெக்கைக் கழற்றினால்தான் எட்டும் இடத்தில் இருந்தால் சிறிய திருத்தத்துக்கும் தந்திகளைத் தளர்த்த வேண்டியிருக்கும். நெக்கின் அடிமுனையில் வெளியே தெரியும் சக்கரத் திருகு இதைச் சில நொடி வேலையாக்குகிறது. நெக்கினுள் கார்பன் இழைக் கம்பிகள் பதித்திருந்தால் வளைவும் குறையும்.

விரல்களில் மதமதப்போ இரவில் விழிக்கவைக்கும் மணிக்கட்டு வலியோ இருந்தால் கருவியை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். செட்டப்பால், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையேயான உயரமாகிய ஆக்‌ஷனைத் தாழ்த்தி அழுத்தத்தைக் குறைக்க முடியுமே தவிர, நரம்பின் பாதிப்பைச் சீராக்க முடியாது.

மரம் இயற்கைப் பொருள் என்பதால் ஒரே மாடலின் இரு பேஸ்களுக்கிடையே கணிசமான எடை வேறுபாடு இருக்கும். அமெரிக்காவின் சில இணையக் கடைகள் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே எடைபோட்டு, அந்த எண்ணைப் படத்தோடு வெளியிடுகின்றன. இங்கே அந்த வழக்கம் பரவும்வரை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்கு அனுப்பவிருக்கும் அதே கருவியின் எடையையும் நட் அகலத்தையும் கேட்டு எழுதுங்கள்; ஸ்ட்ராப்பில் மாட்டி, கையை விட்டு எடுத்த ஒரு காணொளியையும் கேளுங்கள்.