பொலினியா: உறையா நீர்வெளி

சுற்றிலும் பனிக்கட்டி மூடியிருக்க, நடுவே உறையாமல் திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பே பொலினியா. இது ரஷ்யச் சொல். ‘திறந்தது, உள்ளீடற்றது’ என்று பொருள்தரும் ஸ்லாவிய அடியிலிருந்து வந்தது. பனிக்கட்டியில் மனிதர் வெட்டும் துளைக்கு ரஷ்யர் ‘புரோருப்’ என்பார்கள். தானாகத் திறந்திருப்பதுதான் பொலினியா. ஆர்க்டிக் பயணக் குறிப்புகள் வழியே பிற மொழிகளுக்குப் போய், இன்று கடலியலிலும் ஆற்றுப் பனியியலிலும் நிலைத்துவிட்டது.

இச்சொல்லைத் தமிழில் ‘பனித்துளை’ என்று பெயர்ப்பது பொருந்தாது. நமக்குப் பனி என்றால் முதலில் தோன்றுவது புல்நுனி ஈரமும் மூடுபனியும்தான். துளை என்பதோ சிறியது. சைபீரியாவின் யெனிசேய் ஆற்றில், 124 மீட்டர் உயரமுள்ள கிராஸ்நோயார்ஸ்க் அணைக்குக் கீழே, கடுங்குளிரிலும் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு உறைவதில்லை. அதைத் துளை என்று எப்படிச் சொல்வது? ‘உறையாநீர்’ என்று மட்டும் எழுதினால், உப்புக் கரைசல்போல இயல்பிலேயே எளிதில் உறையாத நீர் என்று தோன்றும். ‘உறையா நீர்வெளி’ என்பதே சரி. ‘வெளி’ என்ற சொல்லில் திறந்த இடம் என்ற பொருள் இருப்பதால், மூலச்சொல்லின் கருத்தும் கெடாமல் வருகிறது.

கடற்கரையோரம் காற்று பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டே போவதால் உண்டாவது ஒரு வகை; அங்கே நீர் உறைந்துகொண்டே இருக்கும், உறையும்போது நீர் விடும் உள்ளுறை வெப்பமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அணைக்குக் கீழே நிகழ்வது வேறு. நன்னீரின் அடர்த்தி ஏறத்தாழ 4 பாகை செல்சியசில்தான் மிகுதி. அதனால் குளிர்காலத் தேக்கத்தில் மேலே பனிக்கட்டி இருந்தாலும் ஆழத்தில் வெதுநீர் தங்கும். மின்னாக்கும் விசைச்சுழலிக்கு நீர் எடுக்கும் வாய் ஆழத்தில் இருப்பதால், கோடையில் சேர்ந்த வெப்பம் தை, மாசியில் ஆற்றில் இறங்குகிறது. உறைகுளிர்க் காற்று அதன்மேல் படும்போது ஆவிமூட்டம் எழுந்து கரையை மூடும். கோடையில் நிலைமை தலைகீழ்: ஆழத்துக் குளிர்நீர் கரையோரக் காற்றைக் குளிர்விக்கும்.

அணைக்குக் கீழுள்ள இந்த நீர்வெளியின் நீளத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். ஓட்டம், அணைவாயில் வெளிவரும் நீரின் வெப்பநிலை, ஒரு கனமீட்டர் நீரின் வெப்பக்கொள்ளளவு மூன்றையும் பெருக்கி, ஆற்றின் அகலத்தாலும் ஒரு சதுர மீட்டர் இழக்கும் வெப்பத்தாலும் வகுக்க வேண்டும். நொடிக்கு 2500 கனமீட்டர் ஓட்டம், 2 பாகை, 800 மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 200 வாட் இழப்பு என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 131 கிலோமீட்டர்.

இங்கேதான் ஆய்வு மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வெப்பமானி அரைப் பாகை பிசகினாலே விடை 33 கிலோமீட்டர் மாறும், 0.1 பாகைத் துல்லியமாவது வேண்டும். மாத சராசரிக் காற்று வெப்பநிலையைப் போட்டால், கடுங்குளிர் அலையில் நீர்வெளி சுருங்குவதும் தணிந்ததும் நீள்வதும் மறைந்துபோகும். மேலும், இந்தக் கணக்கு தருவது நீர் 0 பாகையைத் தொடும் இடத்தை மட்டுமே. பனிவிளிம்பு பெரும்பாலும் அதற்கும் அப்பால், ஓட்டத்தின் திசையில் தள்ளி இருக்கும். திறந்த நீரில் பிறக்கும் நுண்பனித் துகள்கள் மிதந்து போய்ச் சேர்ந்தால்தான் ஆற்றை மூடும் பனிக்கட்டித் தளமான மூடுதளம் கட்டும். அவை மூடுதளத்தின் அடியில் திரண்டு ஓட்டத்தை அடைத்தால், நடுக்குளிரிலும் வெள்ளம் வரும்.

செயற்கைக்கோள் படத்தில் அளக்கும்போது ஆவிமூட்டம் ஒளிப்படத்தை மறைத்துவிடும். ராடார் அதை ஊடுருவும். ஆனால் அமைதியான நீரும் வழவழப்பான புதுப் பனிக்கட்டியும் அதில் ஒன்றுபோலக் கறுப்பாகவே தெரியும். அதனால் விளிம்பை ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாமல், அடுத்தடுத்த நாள் படங்களோடும் கரைநிலைய அளவீட்டோடும் ஒப்பிட்டே குறிக்க வேண்டும்.