ஒளிக்கு ஒருவழிப் பாதை போட முடியுமா?

சினிமாவில் வரும் விசாரணை அறைகளில் ஒரு கண்ணாடி இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் தன் முகம் தெரியும். வெளியே நிற்கும் போலீஸுக்கு அது ஜன்னல். ஆனால் அது ஒளியை இரு திசையிலும் ஒரே அளவில்தான் விடுகிறது. உள்ளே பளிச்சென்ற விளக்கு, வெளியே இருட்டு, வித்தை அவ்வளவுதான். விளக்கை வெளியே மாற்றிவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

ஒளியை நிஜமாகவே ஒருவழியாக்குவதற்குக் குறுக்கே நிற்பது, 1896இல் ஹென்ட்ரிக் லோரன்ஸ் வகுத்த ரெசிப்ராசிட்டி என்ற விதி. ஒளியை அனுப்பும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். வந்து சேரும் அளவு மாறாது என்கிறது அது. நடுவில் இருக்கும் பொருளின் வடிவம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் சரி. விதியிலிருந்து தப்ப மூன்றே வாசல்கள்: காந்தப்புலம், நேரத்தோடு மாறும் பொருள், ஒளியின் வலிமைக்கேற்பத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் பொருள்.

இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? லேசருக்காக. அனுப்பிய ஒளியில் கொஞ்சம் எங்கோ பட்டுத் திரும்பி லேசருக்குள்ளேயே நுழைந்தால், அதன் அலைநீளமும் வலிமையும் தடுமாறத் தொடங்கிவிடும். அதனால் ஃபைபர் தகவல்தொடர்பு லேசர்களின் முன்னால் ஐசோலேட்டர் என்ற சின்ன உறுப்பை வைக்கிறார்கள். அதற்குள் இருக்கும் கார்னெட் படிகம், காந்தப்புலத்தின் துணையோடு ஒளியின் அதிர்வுத் தளத்தை 45 டிகிரி திருப்பும். சர்க்கரைக் கரைசலும் இப்படித் திருப்பும்தான். ஆனால் ஒளி திரும்பி வரும்போது அந்தத் திருப்பம் கழிந்துபோகும். ஃபாரடே 1845இல் கண்டறிந்த காந்தத் திருப்பம் கழியாது, மேலும் 45 டிகிரி கூடும். மொத்தம் 90 ஆகிவிட, வாசலில் உள்ள போலரைசர் (ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) திரும்பி வந்த ஒளியைத் தடுத்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் சிலிக்கான் சிப்பின் மேல் நல்ல கார்னெட்டை வளர்ப்பது பெரும்பாடு.

இங்கேதான் ஃபோட்டானிக் படிகம் வருகிறது. 1987இல் எலி யாப்லோனோவிச், கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜான் இருவரும் தனித்தனியே முன்வைத்த யோசனை இது. சிலிக்கான் தகட்டில் சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாகத் துளை போட்டால், குறிப்பிட்ட அலைநீளங்கள் அதற்குள் பரவவே முடியாது. நடுவில் ஒரு வரிசைத் துளைகளை மட்டும் போடாமல் விட்டால், அதுவே ஒளிக்கான பாதை. இரு பக்கமும் வெவ்வேறு அமைப்புகளை ஒட்டவைத்து 'ஒளி டையோடு', அதாவது ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி, செய்துவிட்டோம் என்று பல ஆய்வுகள் வந்தன. காந்தம் இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் துளைகள்!

நம்பலாமா? 2011இல் சிலிக்கான் பாதை ஒன்றில் இப்படிப்பட்ட ஒருவழித்தன்மையைக் காட்டியதாக ஒரு குழு அறிவித்தது. அந்தப் பாதையில் ஒளி இரண்டு கோலங்களில் போகலாம்: நடுவில் ஒரே பிரகாசப் பட்டையாக, அல்லது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைகளாக. ஒரு கோலத்தில் நுழையும் ஒளி, ஒரு திசையில் மட்டும் மற்ற கோலத்துக்கு மாறுகிறது. இரண்டு முனையிலும் ஒரே கோலத்தை அனுப்பிப் பார்த்தால் ஒருவழி போலத்தான் தெரியும். 2012இல் ஸ்டான்ஃபோர்டின் ஷான்ஹுய் ஃபானும் மற்றவர்களும் மறுத்தார்கள்: வெளியே வந்த அதே கோலத்தில் ஒளியைத் திருப்பி அனுப்புங்கள், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். லேசரைத் தொந்தரவு செய்யும் எதிரொளிப்பு பெரும்பாலும் அப்படித்தானே திரும்பி வரும்? சமச்சீரற்ற கடத்தல் வேறு, ஐசோலேட்டர் வேறு. கோலம் மாற்றும் கருவியாக அதற்குப் பயன் உண்டு. டையோடு என்று கூப்பிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நிஜமான ஒருவழிப் பாதையையும் படிகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். இயற்பியலாளர்கள் ஹால்டேனும் ரகுவும் கணக்கில் காட்டியதை, 2009இல் எம்ஐடி குழு மைக்ரோவேவில் நடத்திப் பார்த்தது. நாலு சென்டிமீட்டர் இடைவெளியில் கார்னெட் தண்டுகளைச் சதுரச் சதுரமாக நிறுத்தி, 0.2 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தார்கள். சுமார் 4.5 கிகாஹெர்ட்ஸில் அலைக்குப் படிகத்தின் உள்ளே இடமில்லை; விளிம்பை ஒட்டி மட்டுமே போக முடியும், அதுவும் ஒரே திசையில். வழியில் உலோகத் தகட்டைக் குறுக்கே செருகினார்கள். முட்டித் திரும்ப வேண்டிய அலை, தகட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வருவதற்கான கோலமே அந்த விளிம்பில் கிடையாது என்பதுதான் காரணம். காந்தப்புலத்தைத் தலைகீழாக்கினால் திசையும் மாறும்.

அதையே கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் செய்யலாமே என்றால், அந்த அதிர்வெண்களில் பொருட்களின் காந்த விளைவு மிகவும் பலவீனம். அதனால் மற்ற வாசல்களையும் தட்டுகிறார்கள். ஒளிவிலகல் எண்ணைப் பாதை நெடுக அலைபோல மாற்றிக்கொண்டே இருந்தால், அந்த அலையோடு சேர்ந்து போகும் ஒளி வேறு அதிர்வெண்ணுக்குத் தாவும். எதிரே வருவது தாவாது. பிறகு வடிகட்டிப் பிரித்துவிடலாம்.

மூன்றாவது வாசலில் ஒரு பொறி இருக்கிறது. ஒளியின் வலிமையை நம்பிய டையோடுகள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒளி அனுப்பிச் சோதித்தால் பிரமாதமாக வேலை செய்யும். முன்னோக்கி வலுவான ஒளி போய்க்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பலவீனமான ஒளி வந்தால், அதைத் தடுக்க முடியாமல் விட்டுவிடும் என்று 2015இல் ஃபானின் குழு காட்டியது. லேசர் தொடர்ந்து எரியும்போது எதிரொளிப்பு வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.