பென்சிலைப் பிடுங்கி பீரோ மேல் வையுங்கள்

இந்த ஜூனில் மட்டும் இது ஐந்தாவது குழந்தை. மூன்றரை வயது. மதுரை செல்லூர்ப் பக்கமிருந்து அம்மாவும் அப்பத்தாவும் கூட்டி வந்திருந்தார்கள். "எழுதவே மாட்டேங்குறான் டாக்டர். பென்சிலக் கண்டாலே அழுகுறான்." (நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; எழுதுவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருகிறவர். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.) பையில் நாலு நோட்டு. பக்கம் பக்கமாக 'அ'. பல இடங்களில் பென்சில் குத்தித் தாள் கிழிந்திருந்தது.

பையனுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நோட்டில்தான்.

பார்த்து வரையும் திறமை படிப்படியாகத்தான் வரும். சுமார் 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, முக்கோணம் வரைய 5 வயது ஆகிவிடும். இதில் மூன்று வயதுக் குழந்தையிடம் 'அ' கேட்டால்? சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒரே எழுத்தில். தோள் உறுதியாகி, மணிக்கட்டு உறுதியாகி, பிறகுதான் விரல். விஜயதசமியன்று பச்சரிசியில் விரலைப் பிடித்துத்தானே எழுத வைக்கிறோம்? திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் முதலில் மணலும் விரலும்தான். அவர்களுக்குத் தெரிந்தது நமக்கு மறந்துவிட்டது.

"இப்ப எழுதாட்டி ஒண்ணாங்கிளாஸ்ல பின்தங்கிருவான்." இதைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் கதை கேட்க உட்காரத் தெரியுமா? ஒன்னுக்கு வருதுன்னு வாய்திறந்து சொல்வானா? தானே அள்ளித் தின்பானா, சட்டைப் பட்டன் போடுவானா? பக்கத்துப் பிள்ளை முடிக்கும்வரை பொறுப்பானா? பள்ளிக்குத் தயார் என்றால் இதுதான். 'ஏ பி சி டி' ஒப்பிக்கிறவன் தயார், மண்ணில் விளையாடுகிறவன் மக்கு என்று யார் சொல்லிக் கொடுத்தது?

சொல்லிக் கொடுப்பது சேர்க்கை 'இண்டர்வியூ'. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். ஆறு வயதுக்குக் கீழே இது பொருந்தாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கே ஆகாதது மூன்று வயதுக்கு எப்படி ஆகும்?

அடுத்தது, "பால்வாடியில சோறு போட்டுத் தூங்கத்தான் வைக்கிறாங்க". பால்வாடி என்கிற அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருவது. பள்ளிக்கு முந்தைய முன்பருவக் கல்வியும் அதன் வேலைதான். நம் அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். சமையல், எடை, பதிவேடு எல்லாம் அவர்கள் தலையில். குறை சொல்கிற நேரத்தில் தெருக்காரர்கள் கொஞ்சம் கை கொடுக்கலாமே. ஒரு சட்டி ஆற்று மணல், கழுவிய கொட்டாங்கச்சி, தையல்கடை வெட்டுத் துணி, வாரம் ஒருமுறை கதை சொல்ல ஓர் அப்பத்தா. இதற்கு நன்கொடை ரசீது தேவையில்லை.

மதுரையில் எந்தத் தெருவிலும் சாயங்காலம் திண்ணையில் பூக்கட்டுகிற பாட்டி இருப்பார். பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். மொட்டை எண்ணி அடுக்கட்டும், நாரைச் சுற்றிப் பார்க்கட்டும். நான் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கும் பயிற்சிச் சாமான் செய்வதும் அதைத்தான். பாட்டி பேசிக்கொண்டும் இருப்பார், அது போனஸ். புளியங்கொட்டை, சோழி வைத்து விளையாடலாம்; வாயில் போடுகிற வயசென்றால் கண் அகலக் கூடாது. செல்போன் 2 வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம், அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தாண்டாதீர்கள்.

ஆனால் ஒன்று, தயவுசெய்து. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா' என்று இரு வார்த்தை சேர்க்காத பிள்ளை, இவர்களை "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று வீட்டில் வைக்காதீர்கள். காது சோதனை முதலில். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வரவேண்டிய ஆர்.பி.எஸ்.கே. குழுவிடம் (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு) காட்டினாலே மேல் மருத்துவத்துக்கு அனுப்புவார்கள். காசு கிடையாது.

அந்தப் பையனின் அம்மா, "ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்றது?" என்றார். சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: மூன்று மாதம் எழுத்து வேலை வேண்டாம். மணல், களிமண், பூ, காலையும் மாலையும். அப்பத்தா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.