இலக்கை எழுதிவிட்டு இடரைத் தேடாதீர்கள்

இந்த முறையும் அதேதான். அமைச்சின் அடுத்த ஆண்டுக்கான செயற்பாட்டுத் திட்டம் மேசைக்கு வருகிறது. இலக்கெல்லாம் நூறு வீதம். எது தவறக்கூடும் என்று எழுதும் இடர்ப் பதிவேடு கடைசிப் பின்னிணைப்பில். அதில் ‘நிதி தாமதமாகலாம், ஆளணி போதாது’ என்று போன வருடத்து வரிகள். ஆண்டைக்கூட மாற்றவில்லை.

ஏனென்று அதிகாரிகளைக் கேட்டால், “இப்பவே இடரை எழுதினா முன்கூட்டியே சாட்டுச் சொல்ற மாதிரி இருக்கும் சேர்” என்கிறார்கள். கொழும்பில் அமைச்சு மாறினாலும் இந்தப் பதில் மாறுவதில்லை.

இது சாட்டே இல்லை. இடர் முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 31000, இலக்குகள் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவைத்தான் இடர் என்கிறது. அப்படியிருக்க இலக்கைத் திட்டமிடல் கிளையும் இடரை வேறொரு கிளையும் தனித்தனியாக எழுதுவது எப்படி? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. டொலர் ஏறினால் கட்டடக் கம்பியும் ஏறும். ‘கம்பி விலை இந்த அளவைத் தாண்டினால் கட்டடங்களைக் குறைப்போம், கூரை ஒழுகும் பாடசாலைகளுக்கு முதலிடம்’ என்று ஜனவரியிலேயே எழுதி ஒப்புதல் வாங்கியவருக்கு கோபா எனும் பாராளுமன்ற அரசாங்கக் கணக்குகள் குழுவின் முன் சொல்ல ஒரு பதில் இருக்கும். டிசம்பரில் காரணம் தேடுபவர் சொல்வதுதான் சாட்டு.

இன்னொன்று, இலக்கே இடரை உண்டாக்கும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 14 நாட்களுக்குள் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. அதை எட்டியதாகக் காட்ட, உண்மையான காத்திருப்போர் பட்டியலை ஒளித்து வைத்தார்கள். 2014இல் அது வெளிவந்து, துறைச் செயலாளர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். நம்மூரில் டிசம்பர் 31க்குள் நிதி முன்னேற்றம் நூறு வீதம் என்கிறோம். பணம் செலவாகிவிடும், பௌதிக முன்னேற்றத்தை, அதாவது களத்தில் முடிந்த வேலையைக் கேட்டால் சத்தமில்லை.

ஆகவே ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்திலேயே எழுதுங்கள்: எது நடந்தால் இது தவறும், அதை யார் கவனிப்பது, எந்தக் கட்டத்தில் திருத்துவது. ‘சம்பந்தப்பட்ட கிளை’ என்று போடாதீர்கள், பதவியைப் போடுங்கள். பதிவேட்டை நிரப்பும் வேலையை உள்ளகக் கணக்காய்வாளர் தலையில் கட்டாதீர்கள். அவரே நிரப்பினால் அதை யார் சரிபார்ப்பது?

செயலாளர்களே, தயவுசெய்து ஒன்று. “எண்பது வீதம்தான் முடியும்” என்று கூட்டத்தில் சொல்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த தடவை அவர் பேசாமல் நூறு என்று எழுதிவிட்டுப் போவார்.